மகனுக்கு வாங்கிய விற்றமின் டி சொட்டு மருந்தும் ஆஸ்பத்திரி வீதிப் பாமசியும்

மகனுக்கு இப்போது எட்டு மாதம். பிறந்து இருபதாம் நாள் தொடங்கிய விற்றமின் டி சொட்டு மருந்து இன்றுவரை ஒரு நாளும் தவறாமல் போகிறது. இதுவரை இரண்டு வகைப் போத்தல் பாவித்துவிட்டேன். கைக்குழந்தையோடு இருக்கிற அம்மாமாருக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வைத்தியர் இதை எழுதித் தந்த அன்றே மாமி கேட்டார்: "யாழ்ப்பாணத்து வெயிலுக்குள்ள இருந்துகொண்டு இதையும் காசு குடுத்து வாங்கிறதோ பிள்ளை?" எனக்கும் அதே யோசனைதான். மாமி ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு முன் மகனுக்கு எண்ணெய் பூசி, கிணற்றடியில் மடியில் வைத்து இளவெயில் காட்டுவார். அடுத்த முறை போனபோது வைத்தியரிடம் கேட்டோம். தோலில் விற்றமின் டி உண்டாக்குகிற புற ஊதா பி கதிர், சூரியன் நன்றாக ஏறிய பிறகுதான் போதிய அளவு நிலத்துக்கு வருமாம். எங்கள் நிழல் எங்கள் உயரத்தைவிடக் கட்டையாக இருக்கிற நேரம்தான் அது. மறுநாள் காலை பார்த்தேன். கிணற்றடிக் கமுகின் நிழல் மதிலையும் தாண்டி அடுத்த வளவுக்குள் விழுந்து கிடந்தது. மாமியும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நிழல் கட்டையாகிற பத்து, பதினொரு மணி வெயிலில் பச்சைப் பிள்ளையைக் கிடத்த முடியுமா? அந்தத் தோல் தாங்காது. யன்னல் கண்ணாடிக்குள்ளால் வருகிற வெயிலாலும் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும். எங்களைப் போல நிறம் கூடிய தோலுக்கு வெயில் இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். தாய்ப்பாலில் எல்லாம் இருந்தாலும் விற்றமின் டி மட்டும் மிகக் கொஞ்சம். அதனால்தான் ஒரு வயதுவரை நாளுக்கு 400 அலகு, அதாவது 10 மைக்கிரோகிராம், சொட்டாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். அது இல்லாவிட்டால் பாலில் உள்ள கல்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்சாது. எலும்பு மெதுமையாகவே இருந்துவிடும். இந்த எலும்பு நோய்க்குத்தான் ரிக்கெற்ஸ் என்று பெயர். அது வந்த பிள்ளைக்கு மணிக்கட்டு தடிக்கும், உச்சிக்குழி மூடப் பிந்தும், பல்லும் பிந்தும், நடக்கத் தொடங்கக் கால் வளையும்.

சரி, மருந்துக்கு வருகிறேன். முதல் போத்தல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு சின்னப் பாமசியில் வாங்கியது. 30 மில்லிலீற்றர், ஒரு மில்லிலீற்றரில் 400 அலகு. தோடம்பழ மணம், இனிப்பு. மகன் நாக்கைச் சப்புக்கொட்டிக் குடிப்பான். சரியாக ஒரு மாதம் வரும். குறை என்றால், வாயோரம் வழிந்தால் பிசுபிசுக்கும், எறும்பும் வரும். அந்தக் கடை அண்ணை போத்தலைத் தந்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ட்ரொப்பரை வெளியே எடுத்து, 1 என்ற கோட்டுக்கு நேரே நீலப் பேனையால் தடிப்பாக ஒரு கோடு போட்டார். "தங்கச்சி, இதுக்கு மேல ஏறக்கூடாது. கன்னத்துப் பக்கமா மெல்ல விடுங்கோ, தொண்டைக்குள்ள நேரா விடாதேங்கோ." இரவு இரண்டு மணிக்கும் அந்தக் கோடு தெரியும்.

மூன்றாம் மாதம் அது கிடைக்கவில்லை. அவசரத்துக்கு வேறொரு கடையில் வேறொரு வகை வாங்கினேன். ஒரு வார்த்தை சொல்லாமல் கடதாசிப் பையில் போட்டுத் தந்தார்கள். சின்னப் போத்தல், 10 மில்லிலீற்றர், எண்ணெய் மாதிரி, மணமும் இல்லை. நான் பழைய ட்ரொப்பரில் நீலக் கோடுவரை எடுத்துவிட்டேன். மகன் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறான். பெட்டியைக் கையில் வைத்திருந்த கணவர்தான் "பொறும், பொறும்" என்று கத்தினார். இந்த மருந்தில் ஒரு சொட்டிலேயே 400 அலகு! ஒரு மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய முப்பது சொட்டு வரும். கணக்குப் பார்த்தால் 12,000 அலகு. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 1,000 அலகைத் தாண்டக்கூடாது என்பார்கள். இது கொழுப்பில் கரைகிற விற்றமின், மிஞ்சியது உடம்பிலேயே தங்கும். இரத்தத்தில் கல்சியம் ஏறி, வாந்தி வரும், பால் குடிக்க மறுக்கும், சிறுநீரகமும் பழுதாகும். அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கியது. அப்புறம் தேடிப் பார்த்தால், 2010இலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதே ட்ரொப்பர் விஷயத்தில் பெற்றோருக்கு எச்சரிக்கை விட்டிருக்கிறது.

மருந்தில் பிழை இல்லை. உண்மையில் இந்த இரண்டாவது வகைதான் இப்போது எனக்குப் பிடித்தது. ஒரு சொட்டைக் கழுவிய விரல் நுனியில் விட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது. எறும்பும் இல்லை. ஆனால் கொடுத்ததை மறந்து மாமியும் நானும் இரண்டு தரம் கொடுத்துவிடக்கூடாது என்று கலண்டரில் அன்றன்றைக்குப் புள்ளி வைக்கிறோம். பால்மா குடிக்கிற பிள்ளை என்றால் அதிலேயே விற்றமின் டி சேர்த்திருப்பார்கள். நாளுக்கு ஒரு லீற்றர் அளவு குடித்தால் சொட்டு தேவைப்படாது, வைத்தியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நான் திரும்ப ஆஸ்பத்திரி வீதிக் கடைக்கே போகிறேன். போகும்போது முடிந்த போத்தலையும் கொண்டுபோவேன். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, இரண்டு லேபலையும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவார்.