தெருக்குத்து வீடா, மின்கோபுர வீடா: கிள்ளானில் நான் எடுத்த முடிவு

மலேசியாவின் கிள்ளானில் ஒரே தாமான் (வீடமைப்புப் பகுதி), ஒரே அளவு: 20-க்கு 70 அடி, இரட்டை மாடி வரிசை வீடு. ஒன்றின் வாசலுக்கு நேராகச் சாலை வந்து முட்டுகிறது. இன்னொன்றின் பின்பக்கம் ஒரு சந்து, அதைத் தாண்டினால் உயரழுத்த மின்கோபுரம். குறை இல்லாத வீடுகள் அங்கே 4,40,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) போய்க்கொண்டிருந்தன. தெருக்குத்து வீட்டை 4,10,000-க்கும் கோபுர வீட்டை 3,95,000-க்கும் தருவதாகச் சொன்னார்கள். கையில் இருந்த காசுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான். (மூன்றாவதாக ஒன்றும் பார்த்தோம், கழிவுநீர்க் குளத்தை ஒட்டிய வரிசையில். காரை விட்டு இறங்கியதுமே மூக்கு முடிவு சொல்லிவிட்டது.)

நான் தெருக்குத்து வீட்டை வாங்கினேன். குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. அதனால் இதை நடுவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சீனர்களின் மனை சாஸ்திரமான ஃபெங் சுய் கணக்கில் இரண்டுமே தோஷம்தான். வெளியிலிருந்து வீட்டைத் தாக்கும் கெட்ட ஓட்டத்துக்கு 'ஷா' என்று பெயர். நேராகப் பாய்ந்து வரும் சாலை ஓர் அம்பு. கூர்கூராக நிற்கும் இரும்புக் கோபுரம் இன்னொன்று. அதுவும் வீட்டின் முதுகுப் பக்கம் நிற்பது கூடுதல் வம்பு. முதுகுக்கு மலை, முகத்துக்கு வெட்டவெளி என்பது அவர்களுடைய அடிப்படை. பின்னால் ஆமை போல் மேடு உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் இங்கே கம்பிகள் ஓடுகின்றன.

மனைவியின் சக ஊழியர் ஒருவரின் அப்பா, இதில் ஆர்வமுள்ள சீனப் பெரியவர், லோ பான் திசைகாட்டியோடு வந்து பார்த்தார். தெருக்குத்து வீட்டில் திசைகாட்டியைப் பத்து நிமிடம்கூடக் கையில் வைத்திருக்கவில்லை. அதைப் பையில் போட்டுவிட்டு, எதிர்ச்சாலையின் மறுமுனை வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். சாலை நீளமா, சரிந்து வீட்டை நோக்கி இறங்குகிறதா, வண்டி வேகமாக வருகிறதா, இதுதான் கேள்வி என்றார். அந்தச் சாலையில் பக்கத்துக்கு ஒன்பது வீடுகள்தான், சமதரை, லோரி நுழையாது. "சின்ன அம்பு" என்று சுண்டுவிரலைக் காட்டினார். கோபுர வீட்டில் அவர் உள்ளே வரவே இல்லை.

என் அம்மா வேறு கட்சி. வாஸ்துவில் தெருப்பார்வை வேறு, தெருக்குத்து வேறு. கிழக்கிலிருந்து வரும் சாலை மனையின் ஈசானிய (வடகிழக்கு) பக்கம் தொட்டால் அது பார்வை, நல்லது. ஆக்னேய (தென்கிழக்கு) பக்கம் மோதினால் குத்து. எங்கள் வீடு கிழக்கு பார்த்தது. சரி, ஆனால் 20 அடி முகப்பை 40 அடி அகலச் சாலை முழுசாக மறைத்துக்கொண்டு வந்து நிற்கும்போது ஈசானியத்தை எங்கே போய்த் தேடுவது? அம்மாவும் யோசித்துவிட்டு, "ஒரு பிள்ளையாரை வெச்சிடு" என்று முடித்துக்கொண்டார்.

நம்பிக்கையை ஓரமாக வைத்தாலும் இரண்டு வீட்டிலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிற தொல்லை உண்டு. தெருக்குத்து வீட்டை வாங்குவதற்கு முன் ஒரு நாள் இரவு எட்டு மணிக்குப் போய்க் கூடத்தில் உட்கார்ந்தேன். எதிரே கார் வந்தால் வெளிச்சம் முதலில் கூரையில் விழுகிறது, சுவரில் இறங்குகிறது, வண்டி திரும்பும்போது சமையலறை வரை சறுக்கிக்கொண்டு போய் மறைகிறது. அரை மணி நேரத்தில் பதினொரு தடவை. கோபுர வீட்டுக்கு ஒரு மழைக்காலைப் பொழுதில் போனேன். பின்கதவைத் திறந்ததும் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்ட மாதிரி ஒரு சத்தம், நிற்கவே இல்லை. ஈரக் காற்றில் கம்பிகள் அப்படித்தான் பொரியும். வெயில் நாளில் பார்த்துவிட்டு வாங்குகிறவருக்கு இது தெரியாது.

உடல்நலக் கேள்வியை நீட்டப் போவதில்லை. வீட்டு மின்சாரம், கம்பி ஆகியவற்றிலிருந்து வரும் தாழ் அதிர்வெண் காந்தப்புலத்தை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் '2பி' பட்டியலில் சேர்த்தது: புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆதாரம் போதாது என்பது அதன் பொருள். ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. எனக்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை. ஆனால் நாளைக்கு இந்த வீட்டை என்னிடமிருந்து வாங்க வருகிறவருக்கு இருக்கும். நான் முடிவெடுத்தது அதை வைத்துத்தான்.

விற்பனையை யோசிக்காமல் யாரும் இங்கே வீடு வாங்குவதில்லை. குடிமக்கள் வாங்கி மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு ஆதாய வரி. நான்காவது வருடம் 20, ஐந்தாவது வருடம் 15. ஆறாவது வருடத்திலிருந்து இல்லை. குடியிருந்த வீட்டுக்கு ஆயுளில் ஒரு முறை விலக்கு உண்டு, அதை நான் பழைய ஃபிளாட்டை விற்றபோதே தீர்த்துவிட்டேன். ஆக, ஐந்து வருடம் பொறுத்தால்தான் எனக்கு லாபம். அப்போது யார் வாங்க வருவார்?

இனத்தை வைத்துக் கணக்குப் போடுவது முரட்டுத்தனம்தான். ஆனாலும் ஏஜெண்டுகள் மனதில் ஓடும் கணக்கு அதுதான். தெருக்குத்து என்றால் சீனர்களில் பலர் தயங்குவார்கள், நம்மவர்களிலும் பலர் ஜோசியரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார்கள். மலாய்க்காரர்களுக்கு அது பெரும்பாலும் பொருட்டே இல்லை. மின்கோபுரம் என்றால் மூன்று பேருமே பின்வாங்குவார்கள், சின்னப் பிள்ளை இருக்கும் வீடு என்றால் சொல்லவே வேண்டாம். எங்கள் ஏஜெண்ட் இதை ஒரு வரியில் சொன்னார்: "அண்ணே, டி-ஜங்ஷன்னா பாதிப் பேராவது வந்து பார்ப்பாங்க. பைலோன்னா போட்டோ பார்த்ததுமே போனை வெச்சிடுவாங்க." அதற்கப்புறம்தான் கவனித்தேன், கோபுர வீட்டு விளம்பரத்தில் பன்னிரண்டு படங்கள் இருந்தன, பின்பக்கம் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று, தெருக்குத்தை என் மதிலுக்குள் நின்றே சரிக்கட்ட முடியும். மின்கோபுரத்தை நான் என்ன செய்ய முடியும்? 15,000 வெள்ளி அதிகம் கொடுத்தது இந்த ஒரு வசதிக்காகத்தான்.

சரிக்கட்டுவதிலும் வழி பல. தென்சீனத்திலும் தைவானிலும் சாலை முட்டும் இடத்தில் 'ஷி கான் தாங்' என்று எழுத்து பொறித்த கல்லை நடுவார்கள், ஜப்பானின் ஓகினாவா வரை அந்தப் பழக்கம் உண்டு. நம் ஊர்ப்பக்கம் தெருக்குத்துப் பிள்ளையார். எனக்கு முன்னால் இருந்தவர் கேட்டுக்கு மேல் எண்கோணப் பா குவா கண்ணாடியை மாட்டி வைத்திருந்தார், வெளிப்பக்கம் புடைத்த வகை, வருவதைத் திருப்பி அடிப்பதற்கு. அது திருப்பி அடித்த திசையில், எதிர்முனை வீட்டின் மாடிப் படுக்கையறை. நாங்கள் சாமான் இறக்கிய அன்றே அந்த வீட்டு ஆண்ட்டி வந்து, வாழ்த்துச் சொல்லி, ஆரஞ்சுப் பழப் பையைக் கொடுத்துவிட்டு, மெல்ல மேலே பார்த்தார். "இது இருக்குமா?" ஏணி எடுத்து அப்போதே கழற்றினேன். அடுத்த வாரம் கெமுனிங் என்ற வேலிச்செடிக் கன்றுகள் ஆறு அவர் வீட்டிலிருந்து வந்தன.

முகப்பில் கேட்டுக்கு 13 அடி போக மீதம் ஏழடிச் சுவர். அந்தச் சுவருக்கு உள்ளே கெமுனிங் வைத்தேன். கம்பி கேட்டில் அலுமினியப் பலகை அடைத்தேன். சுவரையே உயர்த்தலாம் என்று பார்த்தால் உள்ளாட்சி மன்ற அனுமதி, வரைபடம் என்று நீளும், விட்டுவிட்டேன். செடி இப்போது ஐந்தடி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டும், இல்லாவிட்டால் லெட்டர் பெட்டி காணாமல் போய்விடும். பிள்ளையாரும் இருக்கிறார், செடிக்கு நடுவில், சாலையைப் பார்த்தபடி. அம்மாவோடு யார் வாதாடுவது?

விலை விஷயத்தில் என் அனுபவம் சின்னது. பக்கத்துச் சாலையில் இதே மாதிரி ஒரு தெருக்குத்து வீடு போன வருடம் விற்றது, நான்கு மாதம் எடுத்தது, வாங்கியது ஒரு மலாய்க் குடும்பம். நான் வேண்டாம் என்ற கோபுர வீட்டில் 'விற்பனைக்கு' பலகை இன்னும் தொங்குகிறது, எழுத்துகூட வெளுத்துவிட்டது. இரண்டே வீட்டை வைத்துச் சந்தை நிலவரம் என்று பேசக்கூடாது. என் வீட்டை விற்றுப் பார்த்தால்தான் எனக்கே தெரியும். எதிர்ச்சாலை நீளமாகவோ சரிவாகவோ இருந்திருந்தால் நானும் இதை வாங்கியிருக்க மாட்டேன்.

இரவு வெளிச்சம் இப்போது கூரையின் ஓரத்தில் ஒரு கோடாக மட்டும் வந்து போகிறது. செடியைக் கத்தரித்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழையபடி சுவரில் இறங்கிச் சமையலறை வரை போகும். மகள் சோபாவில் படுத்துக்கொண்டு எண்ணுவாள். போன தடவை பதினான்கு.