வேடந்தாங்கலுக்குப் போகிறீர்களா? மெர்லினை ஏற்றிக்கொண்டு போங்கள்

சீசனில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேடந்தாங்கல் போகும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் அடித்துச் சொல்வேன்: கிளம்புவதற்கு முன்பே, என்ன பறவை என்று கண்டுபிடிக்க உதவும் மெர்லின் செயலியைப் போனில் ஏற்றிவிடுங்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014-ல் வெளியிட்டது. காசு கிடையாது. நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் ஏரிக்கரையில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். தொகுப்பு கொஞ்சம் பெரியது. போனில் இடம் இருக்கிறதா என்று முதல்நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் அறிவியல் ஆசிரியர். சரணாலயத்துக்கு வருகிறவர்களுக்கான செயலி எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரே அளவுகோல்தான்: பிள்ளை போனைப் பார்க்கிறதா, பறவையைப் பார்க்கிறதா? மெர்லின் இதில் தேறுகிறது. எங்கே பார்த்தாய், என்றைக்கு, எவ்வளவு பெரிது, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கும். பதில் சொல்ல வேண்டுமானால் தலையைத் தூக்கி இன்னொரு முறை மரத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இந்தக் கேள்விகளை யோசித்து வைத்தவர்களுக்குக் கும்பிடு போடலாம்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெரிய பறவை, வெள்ளை, கறுப்பு, மரத்தில் நிற்கிறது என்று தட்டினாள். வந்த பட்டியலில் நத்தைகுத்தி நாரையும் இருந்தது. படத்தைப் பார்த்தாள், பைனாகுலரில் மரத்தைப் பார்த்தாள். “சார், இது வாயை மூடியிருக்கு, ஆனா நடுவுல சந்து தெரியுது சார்!” அலகின் நுனி சேர்ந்திருக்க, நடுவில் மட்டும் இடைவெளி. நத்தையைப் பிடித்துச் சதையை உருவுகிற பறவைக்கு வாய்த்த அலகு அது. உடனே பக்கத்தில் ஒரு பையன், “அந்தக் கிளையில இருக்கறதுக்குச் சந்தே இல்லையே சார்” என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்களே படங்களைத் தள்ளிக்கொண்டே போய் இளம்பறவையின் படத்தைக் கண்டுபிடித்தார்கள். குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும். பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இதை என்னால் நடத்தியிருக்க முடியாது.

2021-ல் வந்த குரல் அறியும் வசதியும் அருமை. மைக்கை இயக்கிவிட்டு நின்றால் ஒலி கோடுகளாக ஓடும். பறவை கூப்பிடும்போதெல்லாம் அதன் பெயர் மஞ்சளாக மின்னும். ஆனால் இதை ஏரியைப் பார்த்துப் பிடித்து நிற்காதீர்கள். கூடுகளிலிருந்து வருகிற இரைச்சலில் எதையும் பிரிப்பது கடினம், நாரைகளும் பெரும்பாலும் அலகைத் தட்டித்தான் ஓசை எழுப்பும். கரையின் மறுபுறம் வயலைப் பார்த்துத் திரும்புங்கள். தையல்சிட்டு, செண்பகம், மீன்கொத்தி எல்லாம் அங்கேதான் கேட்கும்.

போட்டோவை வைத்துக் கண்டுபிடிக்கும் வசதியும் உண்டு. சாதாரண போனில் எடுத்தால் பறவை ஒரு புள்ளியாகத்தான் விழும் என்பதால் கரையில் நிற்கிறவர்களுக்கு அது அவ்வளவாக உதவாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பெரும்பாலான பறவைகளுக்குப் பதிவுசெய்த குரல் செயலியில் இருக்கிறது. அதைக் கரையில் நின்று சத்தமாக ஒலிக்க விடாதீர்கள். கூட்டில் குஞ்சு இருக்கும் நேரம் அது. எதிரி வந்துவிட்டது என்று நினைத்துப் பறவை அலைக்கழியும். கேட்க வேண்டுமென்றால் பஸ்ஸில் கேளுங்கள்.

மெர்லின் உலகத்துக்கே பொதுவான செயலி. பறவையின் பெயரைச் சொல்லும், வேடந்தாங்கலின் கதையைச் சொல்லாது. பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798 வாக்கில் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய ஊர் இது. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலிலும் 2022-ல் சேர்ந்தது. கடப்பை மரங்கள் ஏன் தண்ணீருக்குள் நிற்கின்றன, இந்த வாரம் எந்தப் பறவை கூடு கட்டுகிறது, பார்வைக் கோபுரத்திலிருந்து எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் தமிழில் பேசிச் சொல்கிற ஒரு செயலி இந்த ஏரிக்கென்றே வர வேண்டும். யாராவது வடிவமைப்பதாக இருந்தால் இரண்டே வேண்டுகோள்: மெர்லின் மாதிரி கேள்வி கேளுங்கள், பறவைக் குரலை இயர்போன் மாட்டினால் மட்டும் கேட்கிற மாதிரி வையுங்கள்.

அதுவரை மெர்லின் போதும். மூன்றரை மணிக்குள் கரைக்கு வந்துவிடுங்கள், இரை தேடப் போன கூட்டம் சாயங்காலம்தான் திரும்பும். அப்புறம், பார்த்ததை இ-பேர்டில் பதிந்துவிடுங்கள்; யார் வேண்டுமானாலும் தாங்கள் பார்த்த பறவைகளைப் பதியக்கூடிய இணையதளம் அது. எந்த ஊரில் எந்த மாதம் எந்தப் பறவை வரும் என்பதை மெர்லின் அந்தப் பதிவுகளிலிருந்துதான் கணிக்கிறது.