டைட்டானியம் டே காலர்: ஒரு விமர்சனம்

பொருள்: கிரேடு 5 என்ற டைட்டானியக் கலவையில் செய்த, பூட்டிக்கொள்ளும் டே காலர், அதாவது தினமும் கழுத்தில் போடும் வளையம். 8 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனம், நீள்வட்ட வடிவம். ஒரு பக்கம் கீல், எதிர்ப்பக்கம் எம்4 (4 மில்லிமீட்டர்) ஸ்குரூ, அதைத் திறக்க 2 மில்லிமீட்டர் அல்லன் கீ, அதாவது ஆறுபட்டைச் சாவி. எடை ஏறக்குறைய 45 கிராம். விலை 400 டாலருக்குச் சற்று மேலே. அளவு வாங்கிக்கொண்டு செய்து அனுப்பினார்கள். சின்னப் பட்டறை. குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

எழுதுகிற ஆள் யார் என்று தெரியாமல் இந்த விமர்சனம் உதவாது. நான் கல்யாணமான ஆண். கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் ஒரு மருத்துவமனையில் எம்ஆர்ஐ டெக்னாலஜிஸ்ட். காலர் என் கழுத்தில் இருக்கிறது, பூட்டிவிட்டவர் என் மனைவி. எங்கள் உறவில் அவர் டாமினன்ட், அதாவது வழிநடத்துகிறவர்; நான் சப்மிசிவ், அதாவது அடங்கி நடக்கிறவன். இரண்டு பேரும் பேசி, எழுதி வைத்து, விரும்பி ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. தமிழில் இந்த விஷயம் வந்தாலே ஆண் மாட்டிவிடுவான், பெண் குனிந்துகொள்வாள் என்ற படம்தான் எல்லார் மனசிலும் வருகிறது. கடைக்காரர்கள் மனசிலும் அதே படம்தான் போலிருக்கிறது. ரெடிமேடாகக் கிடைக்கும் டே காலர்களில் பெரும்பாலானவை 13, 14 அங்குலக் கழுத்துக்குச் செய்தவை. எனக்கு 16.

காலர் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த உறவு விளையாட்டு நடக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டுக் கழற்றுவது பிளே காலர். பெரும்பாலும் தோல்தான், முன்னால் ஒரு வளையம் இருக்கும். இரண்டு பேருக்கும் ஒத்துவருமா என்று பார்க்கும் காலத்தில் போடுவதைக் கன்சிடரேஷன் காலர் என்பார்கள். அதை எந்தப் பக்கமிருந்தும் மனக்கசப்பு இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்கு அப்புறம், நிலையான உறவுக்கு அடையாளமாக முறையாகப் போடும் காலர். நண்பர்களைக் கூப்பிட்டுச் சடங்காகச் செய்கிறவர்களும் உண்டு, பூட்டிய அறைக்குள் இரண்டே பேராகச் செய்கிறவர்களும் உண்டு. டே காலர் என்பது ஆபீஸ், மளிகைக்கடை, பஸ் எல்லா இடத்துக்கும் போட்டுப் போகக்கூடியது. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் நகை. இந்த வகைகளுக்கெல்லாம் பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு ஜோடியும் தங்களுக்கான அர்த்தத்தைத் தாங்களே பேசி முடிவு செய்கிறார்கள்.

பேச்சு நடக்கும் முன்னாலேயே காலரை ஆர்டர் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். பொருள் தபாலில் வந்துவிடும், அர்த்தம் தபாலில் வராது.

எங்களுக்கு அந்தப் பேச்சைக் கற்றுக்கொடுத்தது நாங்கள் இருக்கும் இந்த சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிதான். சான் பிரான்சிஸ்கோவில் இந்த மாதிரி உறவுகளைப் பற்றிப் பேசவும் கற்கவும் சொசைட்டி ஆஃப் ஜேனஸ் என்ற அமைப்பு 1974லேயே தொடங்கிவிட்டது. சாதாரண உடையில், சாதாரண உணவகத்தில் உட்கார்ந்து இதைப் பேசும் 'மன்ச்' என்ற பழக்கம் 1990களின் தொடக்கத்தில் பாலோ ஆல்ட்டோவில் ஒரு பர்கர் கடையில்தான் ஆரம்பித்தது. நாங்கள் முதன்முதலாக மன்சுக்குப் போனபோது ஒரு பெரியவர், வெள்ளைத் தாடி, கழுத்தில் தடித்த சங்கிலி, அதில் ஒரு பூட்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெல்ட்டில் தொங்கியது. மனைவி அதைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். எங்கள் பேச்சு அன்று ராத்திரி காரில் ஆரம்பித்தது.

முதலில் வாங்கியது தோல் காலர். சான் பிரான்சிஸ்கோ 8ஆவது தெருவில் இருக்கிற மிஸ்டர் எஸ் லெதர் கடையில் வாங்கினோம். 1979ல் ஆலன் செல்பி தொடங்கிய கடை. அங்கே வேலை செய்கிறவர்கள் கழுத்துக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் விட்டுப் பார்த்துத்தான் தருகிறார்கள். யாருக்கு, எதற்கு என்று முகம் சுளிக்காமல் கேட்டு, அதற்கேற்ப எடுத்துக் காட்டினார்கள். நல்ல கடை. ஆனால் தோல் வியர்வையைக் குடிக்கும், குளிக்கும்போது கழற்றியாக வேண்டும், சட்டை காலருக்கு மேலே எட்டிப் பார்க்கும். கன்சிடரேஷன் காலத்துக்கு அது போதும். தினசரிக்கு உலோகம்தான்.

எந்த உலோகம்? பெரும்பாலானவர்கள் 316எல் எவர்சில்வர் வாங்குகிறார்கள். மோசமில்லை. ஆனால் அதில் பத்து சதவிகிதத்துக்கு மேல் நிக்கல் இருக்கிறது. உலோகத்துக்குள் கட்டுண்டு கிடப்பதால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. கவரிங் கம்மல் போட்டாலே காது புண்ணாகிறவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். டைட்டானியத்தில் அந்தப் பயம் இல்லை. எடையும் எஃகில் பாதிக்குச் சற்று மேல்தான். போட்டுக் கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். இதைப் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்க முடிகிறது.

வடிவத்துக்குத் தனியாக மார்க் போட வேண்டும். கழுத்து வட்டமில்லை, பக்கவாட்டில் அகலம் கூடுதல். முழு வட்டமாகச் செய்த வளையம் முன்னால் தொங்கும், பக்கவாட்டில் இடிக்கும். இந்தப் பட்டறை நீள்வட்டமாக, முன்பக்கம் லேசாகத் தாழ்த்திச் செய்திருக்கிறது. காறை எலும்பின் மேல் அப்படியே படுத்துக்கொள்கிறது. குனிந்தாலும் தொண்டைக் குழியில் அழுத்துவதில்லை. ஆனாலும் இதைப் பிடித்து இழுக்கவோ, இதில் கயிறு கட்டவோ கூடாது. முன்கழுத்தில் மூச்சுக்குழாயும் பக்கத்தில் ரத்தக்குழாயும் போகிற இடம் அது. டே காலர் அடையாளம் மட்டும்தான். வேறு விளையாட்டுக்கு வேறு சாமான் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது குறைக்கு வருகிறேன். பெரிய குறை.

எங்கள் டிபார்ட்மென்டில் கையடக்கமான, பலமான காந்தம் ஒன்று இருக்கிறது. ஸ்கேன் அறைக்குள் போகும் சாமான்களைச் சோதிப்பதற்கு. காலர் வந்ததும் அதில் காட்டிப் பார்த்தேன். வளையத்தில் அசைவே இல்லை. கீல், கீலின் ஊசி, எதுவும் அசையவில்லை. அப்புறம் ஸ்குரூவைக் கழற்றி மேஜையில் வைத்துக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். அரை அங்குலம் இருக்கும்போதே துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. முழுக்க டைட்டானியம் என்று விளம்பரம் செய்த பொருளில், பூட்டுகிற ஒரே பாகம் சாதாரண இரும்புக் கலவை. வியர்வையில் அதுதான் முதலில் துரு பிடிக்கும், துரு பிடித்தால் அல்லன் கீ வழுக்கும், வழுக்கினால் திறக்காது. திறக்காத காலர் கழுத்தில் இருக்கக் கூடாது. நான் டைட்டானியம் ஸ்குரூ தனியாக வாங்கி மாற்றினேன். டைட்டானியமும் டைட்டானியமும் உரசினால் மரையில் கவ்விக்கொள்ளும் குணம் உண்டு, அதனால் துளி கிரீஸ் தடவியே போட வேண்டும்.

இன்னொரு குறை ஓரம். உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. வெளி ஓரத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். கட்டிப்பிடித்தால் மனைவியின் தாலிச் சங்கிலியில் உரசுகிறது. 22 காரட் தங்கம் மெத்து, கீறல் விழுந்துவிட்டது. 600 நம்பர் எமரி பேப்பர், அப்புறம் 1200 போட்டு நானே தேய்த்துச் சரிசெய்தேன்.

தாலி என்று வந்ததால் ஒன்று சொல்கிறேன். விஷயம் தெரிந்த நண்பன் ஒருவன், "அப்ப இது உனக்குத் தாலியாடா?" என்று கேட்டான். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டான். ஆனால் எங்கள் கல்யாணத்தில் நான் தாலி கட்டியபோது அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவரிடமும் யாரும் கேட்கவில்லை. முகூர்த்தம் குறித்தார்கள், மண்டபம் பிடித்தார்கள், கெட்டிமேளம் கொட்டினார்கள். காலருக்கு மாதக்கணக்கில் பேசினோம். எது சரி, எது கூடாது, எந்தச் சொல்லைச் சொன்னால் எல்லாம் நின்றுவிட வேண்டும், கோபத்தில் இருக்கும்போது இதைப் பற்றி முடிவெடுக்கலாமா, வேண்டாம் என்றால் எப்படித் திருப்பிக் கொடுப்பது, எல்லாமே. இரண்டும் எங்களுக்கு வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

என் வேலையில் கழுத்தில் உலோகத்தோடு ஸ்கேன் அறைக்குள் போக முடியாது. ஆகவே வேலை நாளில் தினமும் கழற்றியாக வேண்டும். தினம் கழற்றுவதற்குப் பேர் காலரா என்று எனக்கே உறுத்தல் இருந்தது. அதைச் சொன்னபோது நடந்த பேச்சு இது.

"நீ கழட்டறது வேலைக்குப் போறதுக்கு. என்னை விட்டுப் போறதுக்கு இல்ல. சாயங்காலம் வந்து தலையக் குனி, நான் போட்டுவிடறேன்."

"ஒருநாள் வேண்டாம்னு தோணுச்சுன்னா? நீங்க வருத்தப்பட மாட்டீங்களா?"

"வருத்தப்படுவேன். அதுக்காகப் போட்டுக்கணும்னு இல்ல. அன்னிக்கு அது கிண்ணத்துலயே கெடக்கட்டும். ஏன்னு பேசிக்கலாம். பேசாம மட்டும் இருந்துடாத."

படுக்கை பக்கத்தில் ஒரு பித்தளைக் கிண்ணம். காலையில் நான் கழற்றி அதில் வைக்கிறேன், சாயங்காலம் அவர் எடுத்துப் பூட்டுகிறார். கழற்றுவது என் கையில், பூட்டுவது அவர் கையில். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன சமயம் பல நாள் அது கிண்ணத்திலேயே கிடந்தது. மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, காபி மட்டும் போட்டுக் கொடுத்தார். நானே எடுத்துப் போய் நீட்டியபோதுதான் பூட்டினார். போட்டுக்கொண்டவன் கழற்ற முடியாததுதான் உண்மையான காலர் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கழற்ற வழி இருந்தும் கழுத்தைக் காட்டுகிறேன் என்பதில்தான் என் சம்மதமே இருக்கிறது.

மருத்துவமனைக்காரனாகவும் சொல்கிறேன். ஒரு அல்லன் கீ உங்கள் பர்ஸிலேயே இருக்கட்டும். விபத்தில் கழுத்தைப் படம் எடுக்க வேண்டும், மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட வேண்டும் என்றால் அந்த வளையம் இடைஞ்சல். சாதாரண மோதிரம் வெட்டும் கருவி டைட்டானியத்தைச் சுலபத்தில் வெட்டாது. எம்ஆர்ஐ எடுக்க வந்தால், காந்தத்தில் ஒட்டாத உலோகமாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள், மூடிய வளையம் சூடேறித் தோலைச் சுடலாம். "கழுத்தில் கழற்ற வேண்டிய நகை இருக்கிறது, சாவி இதோ" என்று சொன்னால் போதும். டெக்னாலஜிஸ்ட் காரணம் கேட்க மாட்டார். உலகச் சுகாதார நிறுவனமே 2022ல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில், சம்மதத்தோடு நடக்கும் இந்த உறவுகளை நோய்க்கணக்கிலிருந்து எடுத்துவிட்டது.

வெளியே போட்டுப்போனால் எப்படி? சன்னிவேல் இந்தியக் கடையில் ஒரு அம்மா, "கழுத்துல காப்பு மாதிரி என்னப்பா இது, நல்லாருக்கே" என்றார். "செயின்தாம்மா" என்றேன். கொத்தமல்லிக் கட்டைத் தேடிப் போய்விட்டார். எங்கள் விஷயத்தில் சம்பந்தப்படாதவர்களை இழுத்து விடாமல் இருப்பது டே காலரின் முக்கியமான வேலை. அதை இது ஒழுங்காகச் செய்கிறது.

திருச்சிக்குப் போகும்போது காலர் வருவதில்லை. அம்மா கண்ணில் படாமல் உலோகப் பட்டை எங்கே ஒளியும்? அதற்குப் பதில் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மனைவி என் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு கட்டிவிடுவார். மூன்று முடிச்சு. ஊரில் யாரும் அதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை. அம்மாவுக்குச் சந்தோஷம்கூட, பையன் அமெரிக்கா போயும் அரைஞாணை விடவில்லை என்று. அது கழுத்தில் இல்லாவிட்டாலும் எங்களுக்கு அது காலர்தான்.

வாங்கலாமா? பேசி முடித்த ஜோடி, தினமும் போட நினைப்பவர்கள், நிக்கல் ஆகாதவர்கள், 15 அங்குலத்துக்கு மேல் கழுத்து உள்ளவர்கள் என்றால் வாங்கலாம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் தோலில் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அவசரமே இல்லை. கழுத்தளவைச் சாயங்காலம், உட்கார்ந்த நிலையில், கழுத்தடியில் எடுத்து, அரை அங்குலம் கூட்டிக் கொடுங்கள். நிறம் ஏற்றிய டைட்டானியம் பார்க்க அழகு, ஆனால் கீறல் விழுந்த இடத்தில் சாம்பல் தெரியும், எனவே நிறமில்லாததே மேல். ஸ்குரூ பற்றிப் பட்டறைக்கு எழுதினேன். கேட்கிறவர்களுக்கு டைட்டானியத்தில் வைத்துத் தருவதாகப் பதில் வந்திருக்கிறது. ஆர்டர் போடும்போதே கேட்டுவிடுங்கள், கூடவே அல்லன் கீ இரண்டாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.