கை பேசும்போது வாயை மூடியிருக்கலாம்

இந்தப் படத்தை நான்கு பேர் சேர்ந்து பார்த்தோம். நான்கு பேரும் நான்கு விதமாகத் திட்டினோம். அதில் அம்மா திட்டியதுதான் சரியான இடத்தில் பட்டது என்று எனக்குப் புரிய ஒரு வாரமும் இன்னொரு படமும் தேவைப்பட்டது.

படம் 'தி கிளான் ஆஃப் தி கேவ் பேர்'. 1986இல் வந்தது. ஜீன் ஆவெல் 1980இல் எழுதிய அதே பெயருள்ள நாவல்தான் மூலம். பனியுகத்தில் கிரைமியா பக்கம் நடக்கும் கதை. நிலநடுக்கத்தில் தாயை இழந்த ஐந்து வயதுப் பெண் குழந்தை, அதாவது நம்மைப் போன்ற மனித இனத்துக் குழந்தை, குகைச் சிங்கம் காலைக் கீறிவிட்டதில் குற்றுயிராகக் கிடக்கிறாள். அந்த வழியாகப் போகும் நியாண்டர்தால் (அழிந்துபோன வேறொரு பழைய மனித இனம்) கூட்டத்தின் மருத்துவச்சி ஈஸா அவளைத் தூக்கிக்கொள்கிறாள். அந்தக் கூட்டத்தார் வாயால் பேசுவது கொஞ்சம், கையால் பேசுவதுதான் அதிகம். குழந்தையின் பெயரைக்கூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியாமல் 'அய்லா' ஆகிவிடுகிறது. அவள் அங்கேயே வளர்கிறாள். பெண் ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் சட்டம். இவள் யாருக்கும் தெரியாமல் கவண் எறியக் கற்றுக்கொள்கிறாள். (வள்ளி கையில் கவணைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இதில் என்ன குற்றம் என்று தோன்றும். அங்கே அதற்குத் தண்டனை ஊர்விலக்கு.) தலைவரின் மகன் புரூடுக்கு இவளைக் கண்டாலே ஆகாது. மீதிக் கதையை நீங்களே ஊகிக்கலாம், ஆனால் முடிவைப் பற்றிக் கீழே பேசப் போகிறேன், தெரிய வேண்டாம் என்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் அக்கா. அவள் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் இந்த நாவலைக் கிட்டத்தட்ட ஒப்பித்தவள். அட்டை கிழிந்த அந்தக் குண்டுப் புத்தகம் கல்யாணத்துக்குப் பிறகும் கூடவே போயிற்று. படத்தின் டிவிடியும் அவளுடையதுதான், "திட்டுவதற்காகவே வாங்கினேன்" என்பாள். படம் ஓட ஓட அவள் தனியாக ஒரு படம் ஓட்டிக்கொண்டிருந்தாள்: "ஐந்நூறு பக்கத்தை ஒன்றரை மணி நேரத்துல உருட்டிட்டாங்கடி." அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆவெல் இந்த நாவலுக்காகக் கல்லை உடைத்துக் கத்தி செய்யவும், தோலைப் பதப்படுத்தவும், பனிக்குள் குடைந்து தங்கவும் ஆட்களிடம் போய்க் கற்றுக்கொண்டவர். அதனால் புத்தகத்தில் எந்த இலை எதற்கு, எந்தப் பட்டையை எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும் என்று பாட்டி வைத்தியம்போலப் பக்கம் பக்கமாக வரும். படத்தில் ஈஸா எதையோ அரைக்கிறாள், எதையோ ஊற்றுகிறாள், அடுத்த காட்சி வந்துவிடுகிறது.

அக்காவின் பெரிய கோபம் முடிவைப் பற்றி. நாவலில் புரூடு தலைவனானதும் அய்லாவைச் செத்தவளாக அறிவித்துவிடுகிறான். அவள் கண்முன்னே நின்றாலும் யாரும் பார்க்க மாட்டார்கள், பேயைப் பார்ப்பதைப்போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவள் பெற்ற மகன் மட்டும் அம்மா என்று கத்துவான். படத்தில் அவள் புரூடை எதிர்த்து நின்று அடித்து வீழ்த்திவிட்டுத் தலை நிமிர்ந்து கிளம்பிப் போகிறாள். "ஹீரோ ஃபைட் வெச்சிட்டாங்க" என்று அக்கா ரிமோட்டை சோபாவில் எறிந்தாள். சும்மா இல்லை, நாவலாசிரியையே இந்தப் படம் பிடிக்காமல் தயாரிப்பாளர்கள்மீது வழக்குப் போட்டவர். சுமார் 1.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர்கூட வசூலிக்கவில்லை. 1980களில் அத்தனை பேர் வாங்கிப் படித்த புத்தகத்துக்கு இந்த கதி.

அக்கா மகன் வேறு ரகம். பதினேழு வயது, புத்தகம் பக்கம் போனதில்லை, ஆனால் நியாண்டர்தால் என்றால் வரிசையாகச் சொல்வான். "சித்தி, இவங்களுக்குப் பேச வராதுன்னு காட்டறதே தப்பு." அவன் சொல்வதும் சரிதான். நாவல் எழுதப்பட்ட காலத்தில் நியாண்டர்தால்களின் தொண்டை அமைப்புக்கு நம்மைப்போல ஒலிகள் எழுப்ப முடியாது என்ற கருத்து வலுவாக இருந்தது. பிறகு 1983இல் இஸ்ரேலின் கெபாரா குகையில் ஒரு நியாண்டர்தாலின் நாவடி எலும்பு கிடைத்தது, பார்த்தால் நம்முடையதைப் போலவே இருந்தது. அதற்காக அவர்கள் மேடை போட்டுப் பேசினார்கள் என்று யாரும் சொல்லவில்லை, ஊமை என்று அடித்துச் சொல்வதும் கஷ்டமாகிவிட்டது. முன்னோர்களின் நினைவுகள் மூளையிலேயே பிறவியில் வந்துவிடும் என்று நாவலில் வருவது சுத்தக் கற்பனை, அதை நாவலாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவனும் வாயை மூடிக்கொண்டான். அய்லாவுக்கும் புரூடுக்கும் பிறக்கும் மகன் துர்க், இரண்டு இனமும் கலந்த பிள்ளை. 1980இல் இது நடந்திருக்குமா என்பதே சண்டைக்குரிய கேள்வி. 2010இல் மரபணு ஆய்வாளர் ஸ்வான்டே பேபோவின் குழு நியாண்டர்தால் மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களிடம் நியாண்டர்தால் பங்கு சில சதவீதம் இருப்பது தெரிந்தது. இப்போது சுமார் 2% என்கிறார்கள். அந்த வரிசையிலான ஆராய்ச்சிக்குத்தான் 2022இல் அவருக்கு மருத்துவ நோபல் வந்தது. ஆக அந்தக் குழந்தையைப் பார்த்து "ஐயோ விகாரம்" என்று கூட்டம் முகம் சுளிக்கும்போது, சோபாவில் உட்கார்ந்திருந்த நாங்கள் நான்கு பேரும் அவனுடைய சொந்தக்காரர்கள். இதைச் சொன்னதும் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

சூனியக்காரரும் பூசாரியுமான கிரெப் பாத்திரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கண் போய், ஒரு கை போய், காலும் விந்தி நடக்கும் கிழவர். இது கற்பனைக் கண்ணீருக்காக வைத்தது இல்லை. இராக்கின் ஷானிதர் குகையில் 1957இல் தோண்டி எடுத்த ஒரு நியாண்டர்தால் எலும்புக்கூடு அப்படித்தான் இருந்தது: ஒரு கண் பக்கம் பலத்த அடி, வலது கை சூம்பிப் போனது, அத்தனையும் வந்த பிறகும் பல வருடம் வாழ்ந்த மனிதன். யாரோ சோறு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த எலும்பிலிருந்துதான் ஆவெல் இந்தக் கிழவரைச் செய்தார். ஜேம்ஸ் ரெமார் நன்றாகவே நடித்திருக்கிறார், ஆனால் படம் அவருக்கு நின்று மூச்சு விட நேரம் தருவதில்லை.

என் புகார் ரொம்பச் சின்னது, சொன்னால் சிரிப்பீர்கள். அய்லாவாக நடித்த டேரில் ஹன்னாவின் தலைமுடி. பனியுகத்தில் சீப்பு இல்லை, எண்ணெய் இல்லை, சிகைக்காய் இல்லை, ஆனாலும் காற்றில் பறக்கிறது. இரண்டு வருடம் முன்னால் கடல்கன்னியாக நடித்தவர் நேராக அங்கிருந்து வந்து தோலைச் சுற்றிக்கொண்டதுபோல ஒரு நினைப்பு. கதைப்படி இவள் அந்தக் கூட்டத்துக்கு அசிங்கமானவள், மேடான நெற்றி, தட்டை முகம். அதை நாவலில் படித்தால் வலிக்கும், படத்தில் பார்த்தால் அவர்களுக்குக் கண் பார்வை கோளாறோ என்று தோன்றும். மற்றவர்களுக்குப் போட்ட மேக்கப் மட்டும் அபாரம், மைக்கேல் வெஸ்ட்மோரும் மிஷேல் பர்க்கும் அதற்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். இசை ஆலன் சில்வெஸ்ட்ரி. நல்ல இசையமைப்பாளர்தான், ஆனால் குகைக்குள் சிந்தசைசர் கேட்டதும் எனக்குப் பழைய உடற்பயிற்சி கேசட் ஞாபகம் வந்துவிட்டது.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. படத்தில் கைச்சைகைக்குக் கீழே ஆங்கிலத்தில் சப்டைட்டில் ஓடுகிறது, அதை நாங்கள் மூவரும் குனிந்து குனிந்து படித்துக்கொண்டிருந்தோம். அம்மா படிக்காமல் முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளைக்குக் காபி போட எழுந்தபோது, கதை புரிகிறதா என்று கேட்டேன். "ஏன் புரியாது? அந்த வைத்தியக்காரி இவளை வெச்சுக்கணும்னு ஆசைப்படறா, ஆனா ஆம்பளைங்ககிட்டக் கேக்கணும், அதான் தலையைக் குனிஞ்சே உக்காந்திருக்கா." நாங்கள் எழுத்தைப் படிப்பதில் தவறவிட்டதை அவள் பார்த்திருந்தாள். ஈஸாவாக நடித்த பமேலா ரீட் உண்மையிலேயே அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார், தோளும் விரலும் போதும் அவருக்கு.

பிறகு அம்மா கேட்டாள், "அந்தப் பொம்பளை யாரு, நடுநடுவுல வந்து பேசிட்டே இருக்கா? நான் பாத்துத் தெரிஞ்சுக்க மாட்டேனா?"

பின்னணிக் குரலைத்தான் சொல்கிறாள். படம் நெடுக ஒரு பெண் குரல் வந்து, கூட்டத்தார் இப்படி, அய்லா அப்படி, அவள் மனதில் இது தோன்றியது என்று விளக்கம் சொல்லிவிட்டுப் போகிறது. அன்றைக்கு நாங்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

அடுத்த வாரம் அக்கா மகன் 'குவெஸ்ட் ஃபார் ஃபயர்' போட்டான். 1981இல் ழான்-ழாக் அன்னோ எடுத்தது, இதுவும் நாவல்தான், ரோஸ்னி என்பவர் 1911இல் எழுதிய பிரெஞ்சு நாவல். 80,000 வருடம் முந்தைய கதை. ஒரு கூட்டத்திடம் நெருப்பு இருக்கிறது, அதைக் காப்பாற்றத் தெரியும், உண்டாக்கத் தெரியாது. சண்டையில் நெருப்பு அணைந்துவிடுகிறது, மூன்று பேர் தேடிப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. இதற்காக நாவலாசிரியர் அந்தோனி பர்ஜெஸ் தனி மொழியே உருவாக்கினார், விலங்கியலாளர் டெஸ்மண்ட் மோரிஸ் உடல்மொழியை அமைத்தார். அந்த மொழிக்குச் சப்டைட்டில் கிடையாது. ஒரு வரிகூடக் கிடையாது.

படம் முழுக்க எங்கள் நான்கு பேருக்கும் ஒரே அளவு புரிந்தது, ஒரே அளவு புரியவில்லை. நெருப்பு தண்ணீரில் விழுந்து அணையும் இடத்தில் அம்மா "அடப் பாவிங்களா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் சின்ன வயதில் காலையில் அடுப்பு மூட்டப் பக்கத்து வீட்டிலிருந்து வறட்டியில் கங்கு வாங்கி வந்தவள், எங்களைவிட அவளுக்கு அது உறைத்திருக்கும். அப்புறம் ஈகா என்ற பெண் உள்ளங்கைக்குள் குச்சியைக் கடைந்து நெருப்பை உண்டாக்க, அதைப் பார்த்து, தேடிப் போன மூவரில் ஒருவனான நாவோவின் முகம் கலங்கும் காட்சி. அங்கே ஒரு பின்னணிக் குரல் வந்து "அன்றுதான் அவன் அறிந்துகொண்டான்" என்று சொல்லியிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு காட்சியில்தான் எனக்கு அம்மா முதல் வாரம் கேட்டதன் அர்த்தம் விளங்கியது. இத்தனைக்கும் அந்தப் படத்திலும் யானைகளுக்கு ரோமம் மாட்டித்தான் மாமூத் ஆக்கியிருக்கிறார்கள், உற்றுப் பார்த்தால் தெரியும். யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அதற்கு மேக்கப் ஆஸ்கர் வாங்கியவர்களில் ஒருவர் அதே மிஷேல் பர்க்.

ஆகவே அக்கா சொல்வதுபோலப் புத்தகத்தை மாற்றியதுதான் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. அன்னோவும் நாவலை இஷ்டத்துக்கு மாற்றியவர்தான். கரடிக் கூட்டத்துப் படத்தில் ஒரு சைகை மொழியை உட்கார்ந்து அமைத்திருக்கிறார்கள், நடிகர்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள், பிறகு பார்ப்பவனுக்குப் புரியாதோ என்று பயந்து அடியில் எழுத்தும் காதில் குரலும் வைத்து அதை மூடிவிட்டார்கள். இயக்கியவர் மைக்கேல் சாப்மன், 'டாக்ஸி டிரைவர்', 'ரேஜிங் புல்' படங்களுக்குக் கேமரா பிடித்தவர், முகத்தை மட்டும் வைத்துக் கதை சொல்லத் தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் எரிச்சல் அதிகம்.

பார்க்கலாமா என்றால், ஈஸாவுக்காகவும், கனடா மலைகளுக்காகவும், கூட்டங்கள் கூடும் விழாவில் வரும் அந்த ராட்சதக் கரடிக்காகவும் (பார்ட் என்று பெயர், நிஜக் கரடி, நடிகர்கள் பாதிப்பேரைவிட நடிப்பு நன்று) ஒருமுறை பார்க்கலாம். ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். சப்டைட்டிலை மூட முடியவில்லை, ஏனென்றால் அது படத்திலேயே பதிந்தது, ஆனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒரு பத்து நிமிடம் பாருங்கள், வேறு படமாக இருக்கிறது. இரண்டு படமும் குழந்தைகளோடு பார்ப்பதற்கில்லை: இதில் அய்லாவைப் புரூடு பலவந்தப்படுத்துவது வருகிறது, அதில் இன்னும் வெளிப்படையான காட்சிகள் உண்டு. எங்கள் வீட்டில் ரிமோட் அக்கா கையில் இருந்தது, பையன் பாத்ரூம் போகிறேன் என்று மூன்று முறை எழுந்து போனான், அம்மா மட்டும் அசையாமல் "ஓட்டு ஓட்டு" என்றாள்.

எல்லாம் முடிந்து அம்மா படுக்கப் போகுமுன் அக்காவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பையன் துர்க் என்ன ஆனான்?

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆவெல் இந்தக் கதையை மொத்தம் ஆறு புத்தகமாக எழுதினார், கடைசியது 2011இல் வந்தது, அக்கா ஆறையும் படித்தவள், ஒவ்வொன்றையும் இதற்காகவே திறந்தவள். அய்லா குதிரையைப் பழக்குகிறாள், ஐரோப்பா முழுக்க நடக்கிறாள், வேறு பிள்ளை பெறுகிறாள். துர்க்கைத் திரும்பப் பார்ப்பதே இல்லை.

"ஆறு புஸ்தகம் எழுதி, பெத்த புள்ளையைப் போய்ப் பாக்கலையா?" என்று அம்மா விளக்கை அணைத்தாள்.