கூலண்ட் மாற்றியதாக பில் போட்டார்கள், உள்ளே இருந்தது போர்வெல் தண்ணீர்

புதுச்சேரி, கடலூர் பக்கம் காரைக் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்ற விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு விடுங்கள்.

1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். கூலிங் சிஸ்டத்தின் கொள்ளளவு மேனுவல்படி 5 லிட்டர். புதுச்சேரியில் ஒரு ஷெட்டில் "கூலண்ட் ஃப்ளஷ், ரீஃபில்" என்று 3,400 ரூபாய் பில். அதில் கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத) கூலண்ட் 3 லிட்டர், ஃப்ளஷ் கெமிக்கல் ஒரு டப்பா, கூலி. ரிசர்வ் டேங்கில் பார்த்தால் பளிச்சென்ற சிவப்பு. ஆறு வாரம் கழித்து, கடலூர் ரோட்டில் வேகம் எடுத்தால் டெம்பரேச்சர் முள் பாதிக்கும் கீழே இறங்கியது. முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் நெரிசலில் நின்றால் பாதியைத் தாண்டி ஏறியது. மைலேஜும் விழுந்தது.

திறந்து பார்த்தபோது தெரிந்தவை இவை. கூலண்ட் எத்தனை டிகிரியில் உறையும் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் மைனஸ் 5 டிகிரியை ஒட்டி நின்றது. பாதிக்குப் பாதி கலவை இருந்தால் மைனஸ் 37 காட்ட வேண்டும். அதாவது உள்ளே கூலண்ட் பத்து, பதினைந்து சதவீதம்தான், மீதி தண்ணீர். ரேடியேட்டர் மூடியின் அடியில் வெள்ளைப் படிவு. தெர்மோஸ்டாட் (சூடானால் திறக்கும் வால்வு) இருக்க வேண்டிய ஹவுசிங்கைக் கழற்றினால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. பில்லில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

கீழ் ஹோஸைக் கழற்றி ரேடியேட்டரில் இருந்ததை மட்டும் வடித்திருக்கிறார்கள். ஷெட் குழாயில் இருந்து தண்ணீர் பிடித்து ஊற்றி, மேலே ஒரு லிட்டர் ரெடிமிக்ஸ் (ஏற்கெனவே பாதி தண்ணீர் கலந்த கூலண்ட்) சேர்த்திருக்கிறார்கள். நிறம் வர அது போதும். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் கம்பெனிக்காரர்கள் சேர்க்கும் சாயம். ஒரு லிட்டரே ஐந்து லிட்டரையும் சிவப்பாக்கிவிடும். நிறத்தை வைத்து அளவும் தெரியாது, வகையும் தெரியாது.

"நம்ம ஊர்ல என்ன ஐஸா உறையப் போவுது, தண்ணியே போதும்" என்பது பல ஷெட்களில் கேட்கிற பேச்சு. உறைவது நமக்குப் பிரச்சினை இல்லை என்பது உண்மை. கொதிப்பதிலும் வித்தியாசம் பெரிதல்ல: நல்ல மூடி சுமார் 1 பார் அழுத்தம் பிடிக்கும், அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை தாங்கும். கூலண்டுக்குப் பணம் கொடுப்பது முக்கியமாக அதில் உள்ள துருத்தடுப்பு மருந்துக்காக. அலுமினிய ஹெட் (எஞ்சினின் மேல் பகுதி), அலுமினிய ரேடியேட்டர், வாட்டர் பம்ப் சீல் மூன்றையும் காப்பது அதுதான். கடலோர போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தே இருக்கும். பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியும். சுண்ணாம்பு எஞ்சினில் எங்கே சூடு அதிகமோ அங்கே, ஹெட்டில் எக்ஸாஸ்ட் பக்கம், ஓடாகப் படியும். ஓடு படிந்த இடத்தில் சூடு வெளியேறாது. உப்பு அலுமினியத்தைப் பொத்தல் பொத்தலாக அரிக்கும். ஆறு மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு பம்ப் ஒழுகும், அதற்குப் பிறகு ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் போகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது இன்னும் மோசம். அது 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கிற வால்வு. இல்லாவிட்டால் ஹைவேயில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே வராது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். பைபாஸ் வழி உள்ள எஞ்சின்களில் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கே சுற்றும், அதனால் நெரிசலில் சூடு ஏறும். ஷெட்டிலிருந்து வண்டி எடுக்கும் முன் இதைச் சோதிக்கலாம். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸில் கை வையுங்கள். முள் நடுவை நெருங்கும் வரை ஹோஸ் பெரிதாகச் சுடக்கூடாது, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட் இல்லாமலோ, திறந்தபடி சிக்கியோ இருக்கலாம்.

இந்த வேலையை வீட்டு வாசலிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்யலாம். வேண்டியது: பேட்டரி கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் 15 லிட்டர், மேனுவலில் சொன்ன வகை கூலண்ட் கான்சன்ட்ரேட் 3 லிட்டர், பத்து லிட்டர் பிடிக்கும் அகலத் தட்டு, பிளையர், லிட்டர் குறியிட்ட ஜக்.

எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், இதில் அவசரம் வேண்டவே வேண்டாம். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்து, டிரெயின் பிளக் வழியாக வடியுங்கள். பிளக் இல்லாத வண்டியில் கீழ் ஹோஸ். ஒட்டிக்கொண்ட ஹோஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து உடையும். பிளையரால் மெதுவாகப் பிடித்துத் திருகினால் கழன்றுவிடும்.

வடிந்ததை அளந்து பாருங்கள். ஐந்து லிட்டர் வண்டியில் இரண்டரைதான் வரும், மீதி எஞ்சின் பிளாக்கில் நிற்கும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி வடித்தால் பழையது ஒவ்வொரு முறையும் பாதியாகும்: 50, 25, 12, 6 சதவீதம். நான்காவது முறை வடியும்போது தெளிந்துவிடும். கெமிக்கல் ஃப்ளஷ் துரு நிறத்தில் தண்ணீர் வந்தால் மட்டும். அது பெரும்பாலும் அமிலம், சரியாகக் கழுவாவிட்டால் உள்ளேயே நின்று அரிக்கும்.

கடைசியாக வடித்தபின் பிளாக்கில் நிற்பது இரண்டரை லிட்டர் தண்ணீர். இந்த நேரத்தில் ரெடிமிக்ஸ் ஊற்றினால் மொத்தம் 25 சதவீதக் கூலண்ட்தான் ஆகும். கான்சன்ட்ரேட் இரண்டரை லிட்டர் ஊற்றினால்தான் கணக்கு சரியாகும். நேர்மையான மெக்கானிக்குகள்கூட ரெடிமிக்ஸை ஊற்றிவிடுவதுண்டு, அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. உங்கள் வண்டியில் வடிந்தது கொஞ்சம் குறைவாக இருந்து 40, 45 சதவீதம் வந்தாலும் நம் ஊருக்குப் போதும். 60-ஐத் தாண்ட வேண்டாம், அடர்ந்த கூலண்ட் சூட்டை மோசமாகக் கடத்தும்.

ஊற்றும்போது உள்ளே சிக்கிய காற்றை எடுப்பதற்கு வண்டியின் மூக்கை மேடான பக்கம் நிறுத்துங்கள். ஏசி அணைத்து, மூடி திறந்தபடி ஐடிலில் ஓடட்டும். ஆறிய நிலையிலிருந்தே மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். காற்றுக் குமிழ் நின்று, மட்டம் இறங்கினால் ஊற்றி, மூடியைப் போடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கட்டும். மறுநாள் காலை மட்டத்தைப் பாருங்கள், கால் லிட்டர் வரை குறைந்திருப்பது சகஜம். காற்று எடுத்த பிறகும் குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற நுரை இருந்தாலோ அது ஹெட் கேஸ்கெட் பிரச்சினையாக இருக்கலாம். கூலண்ட் மாற்றித் தீராது.

வடித்த கூலண்டைத் தெருவில், வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் மாடும் நக்கும், சிறுநீரகம் போய்ச் சாகும். கேனில் மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கழிவு ஆயில் எடுக்கிறவர் வாங்கிக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஷெட்டில்தான் விட வேண்டும் என்றால் கூலண்ட் கேனை நீங்களே வாங்கிக் கொடுத்து, சீல் உடைப்பதைப் பாருங்கள், காலி கேன்களைத் திரும்பக் கேளுங்கள். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில்லையும், ரிஃப்ராக்டோமீட்டர் ரீடிங், காலி ஹவுசிங் ஆகியவற்றின் போட்டோவையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.