இசைத்தட்டிலிருந்து பென் டிரைவுக்கு: நாடக மேடைப் பாடகர்களின் பாடல் தொகுப்பு, ஒரு மதிப்புரை

தமிழ் நாடக மேடையில் பாடி வளர்ந்தவர்கள், அவர்களில் திரைக்கு வந்தவர்கள் ஆகியோரின் பழைய இசைத்தட்டுப் பாடல்களை ஒரு பென் டிரைவில் தொகுத்து, வாழ்க்கைக் குறிப்பு நூல் ஒன்றையும் இணைத்து ஒரு சிறு பதிப்பகம் விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறது. சில குறைகளை விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதாலும், அவற்றை அடுத்த பதிப்பில் திருத்துவதாக அவர்கள் எனக்கு எழுதியிருப்பதாலும் பதிப்பகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இணையத்தில் பழைய பாடல்களைத் தேடி அலைகிறவர்கள் இத்தகைய தொகுப்புகளை வாங்குமுன் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதற்கும் இது பயன்படும்.

இத்தொகுப்பின் முதல் சிறப்பு அதன் வரிசை. கடைகளில் கிடைக்கும் பழைய பாடல் தொகுப்புகள் பெரும்பாலும் புகழ்பெற்ற பாடல்களைக் கலந்து கொடுத்துவிடும். இதில் ஒவ்வொரு கலைஞருக்கும் தனிக் கோப்புறை இருக்கிறது. அதற்குள் பாடல்கள் கால வரிசையில் இருக்கின்றன. நூலில் அந்தக் கலைஞரைப் பற்றிய பகுதியைப் படித்துக்கொண்டே கேட்டால், ஒரு குரல் சிறுவர்களே நடித்த நாடகக் குழுவான சிறுவர் கம்பெனியில் தொடங்கிக் கொட்டகை மேடைக்கும் அங்கிருந்து படப்பிடிப்பு நிலையத்துக்கும் நடந்து செல்வதைக் காதாலேயே பின்தொடர முடிகிறது. இந்தக் குரல்களை அவற்றை உருவாக்கிய மேடையிலிருந்து பிரித்துக் கேட்டால், 'என்ன இப்படி உச்சத்திலேயே பாடுகிறார்கள்' என்று இன்றைய இளைஞர் ஒருவர் ஒதுக்கிவிடக்கூடும். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த பாட்டு முறை அது என்று தெரிந்தால் அந்த உச்சத்தின் அருமை விளங்கும்.

எஸ்.ஜி. கிட்டப்பாவின் பகுதியை இந்த நோக்கில் மிகக் கவனமாகக் கேட்டேன். செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு பிறந்து, கன்னையா நாடகக் கம்பெனி மேடையில் பெரும்புகழ் பெற்று, 1933 டிசம்பரில் 27 வயதிலேயே மறைந்த அவர் ஒரு பேசும்படத்தில்கூட நடித்ததில்லை. நமக்கு எஞ்சியிருப்பது இசைத்தட்டுகள் மட்டுமே. ஆகவே அந்தத் தட்டுகளைக் கணினிக்கு மாற்றுகிறவரின் பொறுப்பு மிகப் பெரியது. ஐந்து கட்டை என்னும் மிக உயர்ந்த சுருதியில் அநாயாசமாகப் பாடியவர் என்று பேசப்படும் ஒருவரின் பாடலில் வேகம் சற்று மாறினாலும் அந்தப் பெருமையே ஐயத்துக்கு உரியதாகிவிடும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல வேண்டிய தட்டை 82 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும்; குரலும் மெலிந்து சிறுவனின் குரல்போல ஒலிக்கும். இத்தொகுப்பில் கிட்டப்பாவின் பாடல்களில் சில இப்படி வேகம் கூடியவை என்று கருதுகிறேன். சோதித்தறிய ஒரு வழி உண்டு. மேடைப் பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாக ஆர்மோனியம் இருந்தது. அதன் கட்டைகள் நிலையானவை. பாடலின் ஆதார சட்ஜத்தை, அதாவது அடிப்படை ஸ்வரமான 'ஸ'வை, சுருதிப்பெட்டியோடு சேர்த்துப் பார்க்கும்போது அது இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கோ நின்றால் தட்டு சரியான வேகத்தில் ஓடவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்தப் பாடல்கள் அப்படித்தான் நின்றன. வேகத்தைச் சிறிது குறைத்து மீண்டும் கேட்டபோது மூச்சின் கனமும் பிருகாக்கள் எனப்படும் வேகமான ஸ்வர அசைவுகளின் தெளிவும் வெளிப்பட்டன. விலை கொடுத்து வாங்குகிறவர் செய்ய வேண்டிய வேலை அல்ல இது.

கே.பி. சுந்தராம்பாளின் பகுதி தொகுப்பின் உச்சம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். கொடுமுடியில் பிறந்து, ரயிலில் பாடிய ஏழைச் சிறுமியாகத் தொடங்கி, மேடையில் கிட்டப்பாவோடு இணைந்து, அவரையே மணந்து, இளம் வயதிலேயே அவரை இழந்து, அதன்பின் வெள்ளைச் சேலையோடு வாழ்ந்த அந்த அம்மையாரின் வரலாற்றை நூலாசிரியர் உணர்ச்சி மிகைப்படாமல் எழுதியிருக்கிறார். ஆண் நடிகருக்கு ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று முடிவெடுத்த ஒருவர் 1935இல் நந்தனாராக ஆண் வேடம் ஏற்றுத் திரைக்கு வந்ததும், அதற்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றதும் பலருக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் அந்தப் படத்துக்கு முந்தைய இசைத்தட்டுகளையும், பின்னாளில் 1953இல் ஔவையாராகவும் 1965இல் மீண்டும் ஔவையாராகவும் அவர் பாடியவற்றையும் ஒரே கோப்புறையில் அடுத்தடுத்துக் கேட்கும்போது ஒன்று தெளிவாகிறது. இளமையில் கூர்மையாகப் பாய்ந்த அதே குரல் முதுமையில் அகன்று கனத்திருக்கிறது; ஆயினும் சொல்லை உச்சரிக்கும் முறை இம்மியும் மாறவில்லை. வல்லின மெய்களில் அவர் கொடுக்கும் அழுத்தம் மேடைக் காலத்துப் பழக்கம். மைக் வந்த பிறகும் அவர் அதை விடவில்லை.

நூலில் என்னை மிகவும் கவர்ந்தது பி.யு. சின்னப்பாவைப் பற்றிய அத்தியாயம். புதுக்கோட்டை உலகநாதபிள்ளை சின்னப்பா 1916இல் பிறந்தவர். தந்தையும் நாடக நடிகர். சிறு வயதிலேயே சிறுவர் கம்பெனிகளில் சேர்ந்து, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பெயர் பெற்றார். சிறுவர் கம்பெனியில் ஒரு பையனின் வாழ்வு முழுவதும் அவன் தொண்டையை நம்பியிருந்தது. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்றுவரை ராஜபார்ட் என்னும் கதாநாயக வேடம் போட்டவன் மறுநாள் வேலையற்றவன். சின்னப்பாவுக்கும் அந்தச் சோதனை வந்தது. அவர் சோர்ந்து உட்காராமல் முறையாகச் சங்கீதம் பயின்றார். சிலம்பமும் குஸ்தியும் கற்றார். உத்தமபுத்திரன் படத்தில் 1940இல் இரட்டை வேடம் ஏற்று, பாட்டிலும் சண்டையிலும் ஒருசேரக் கைதட்டல் வாங்கிய நடிகரை அந்த இடைவெளி ஆண்டுகள்தாம் உருவாக்கின என்று நூலாசிரியர் வாதிடுவது எனக்கு முற்றிலும் ஏற்புடையது. அவர் 1951இல் 35 வயதில் மறைந்தார். கிட்டப்பாவும் சின்னப்பாவும் இத்தனை இளமையில் போனதை எண்ணும்போது இன்றும் மனம் பதைக்கிறது.

எம்.கே. தியாகராஜ பாகவதர் பகுதியில்தான் பதிப்பகத்தாரின் அலட்சியம் அதிகம். அவருடைய படங்கள் மொத்தமே 14. அப்படியிருந்தும் 1941இல் வந்த அசோக்குமார் படப் பாடல் ஒன்று 1937இல் வந்த சிந்தாமணியின் பெயரில் பதிவாகியிருக்கிறது. கால வரிசையைப் பெருமையாகச் சொல்லும் ஒரு தொகுப்பில் இது சிறிய பிழை அல்ல. அதைவிடப் பெரிய குறை, பாடல் விவரங்களில் பாடலாசிரியர் பாபநாசம் சிவனின் பெயரும் இசையமைப்பாளர் ஜி. ராமநாதனின் பெயரும் பெரும்பாலான இடங்களில் விடுபட்டிருப்பது. சாருகேசி ராகத்தைப் பாமர மக்களின் நாவிலும் தவழச் செய்த ஹரிதாஸ் பாடலை அந்த இருவரின் பெயரில்லாமல் வெளியிடுவது நியாயமன்று. பாகவதரின் வாழ்க்கை வரலாறும் வழக்கமான பாதையிலேயே செல்கிறது. 1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளியானதும், அந்த ஆண்டு முடிவதற்குள் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானதும், 1947இல் விடுதலையானதும் மூன்று பக்கங்களை நிரப்புகின்றன. திருச்சியில் எப்.ஜி. நடேசய்யரின் ரசிக ரஞ்சனி சபாவில் அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாக மேடையேறிய சிறுவன் எப்படிப் பாடினான், யாரிடம் கற்றான் என்பதற்கு ஒரு பத்திதான். வழக்கை எல்லோரும் எழுதிவிட்டார்கள். சபாவை யாராவது எழுத வேண்டாமா?

நாடக நடிகர் விசுவநாததாஸ் பாடிய பாடல் ஒன்றுகூடப் பென் டிரைவில் இல்லாதபோதும் நூலில் அவருக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்கியிருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன். தேச விடுதலைப் பாடல்களை மேடையில் பாடியதற்காகப் பலமுறை சிறை சென்ற அவர், 1940 டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில் வள்ளி திருமண நாடகத்தில் முருகன் வேடத்தில், மயில் வாகனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். சாதியைக் காரணம் காட்டி மற்ற நடிகைகள் அவரோடு நடிக்க மறுத்த காலத்தில் கே.பி. ஜானகி அம்மாள் முன்வந்து நடித்த செய்தியும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அதே நூலில் டி.பி. ராஜலட்சுமிக்கு அரைப் பக்கம்தான் கிடைத்திருக்கிறது. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸின் கதாநாயகி அவர். 1936இல் மிஸ் கமலா படத்தைத் தாமே இயக்கியவர். மேடையிலிருந்து வந்த பெண்ணுக்குத் திரை எத்தனை வாசல்களைத் திறந்தது என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு சரிசெய்யப்பட வேண்டும்.

ஒலியைப் பற்றி ஒரு சொல். தட்டின் இரைச்சலை நீக்குவதில் மிகையாக முனைந்திருக்கிறார்கள். சில பாடல்களில் இரைச்சலோடு சேர்ந்து ஆர்மோனியத்தின் கூர்மையும் பாடகரின் மூச்சொலியும் போய்விட்டன. தண்ணீருக்கு அடியிலிருந்து பாடுவது போலிருக்கிறது. சுந்தராம்பாள் பகுதியில் மட்டும் இரைச்சலை ஓரளவு அப்படியே விட்டிருக்கிறார்கள். கேட்க அதுவே இன்பமாக இருக்கிறது. நூலின் தாளும் அச்சும் நன்று, நிழற்படங்கள் மங்கல். கார் ஸ்டீரியோவில் கோப்புப் பெயர்கள் தமிழில் தெரிவதில்லை என்பதையும் வாங்குகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வேகப் பிழையைப் பற்றி நான் எழுதிய மின்னஞ்சலுக்கு இரண்டொரு நாளில் மரியாதையான பதில் வந்தது. பிழையுள்ள பாடல்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். திருத்திய கோப்புகளை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாக அனுப்புவதாகவும் தெரிவித்திருக்கிறார்கள். நூலுக்காகவும் சுந்தராம்பாள், சின்னப்பா பகுதிகளுக்காகவும் இதை இப்போதே வாங்கலாம். கிட்டப்பாவுக்காக மட்டும் வாங்க நினைப்பவர்கள் திருத்திய பதிப்பு வரும்வரை பொறுத்திருப்பது நல்லது.