அளவு சரியாகத்தான் இருந்தது: மினிமோட்டோ டயரில் இரண்டு முறை ஏமாந்த கதை

என் மகள் ஒரே வளைவில் மூன்று முறை விழுந்தாள். மூன்று முறையும் நான் அவளைத்தான் திட்டினேன். கோளாறு டயரில் இருந்தது. அதை விற்றவரிடம் பாதி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய என்னிடம் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். குட்டி ரேஸ் பைக்குக்கு இணையத்தில் டயர் தேடிக்கொண்டிருப்பவர்கள் ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது மினிமோட்டோ. பாக்கெட் பைக் என்றும் சொல்வார்கள். சீட் என் முழங்காலுக்குத்தான் வரும். டூ ஸ்ட்ரோக், 40 சிசி. பார்க்கிறவர்கள் பொம்மை என்று சிரிப்பார்கள். மோட்டோஜிபி சாம்பியன் வாலன்டினோ ரோஸி உட்படப் பல பெரிய ஓட்டுநர்கள் சின்ன வயதில் இந்தப் பொம்மையில்தான் பழகினார்கள். இந்த வண்டியில் சஸ்பென்ஷன் என்று எதுவுமே கிடையாது. முன்னால் ஃபோர்க் மாதிரி தெரிவது அசையாத குழாய். பின்னால் அதுவும் இல்லை. தரையின் மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்வது டயரின் பக்கச்சுவர் ஒன்றுதான். பெரிய பைக்கில் டயர் கொஞ்சம் சுமாராக இருந்தால் வேறு எதையாவது மாற்றிச் சமாளிக்கலாம். இங்கே திருகுவதற்கு ஸ்க்ரூவே இல்லை.

அளவு எல்லா மினிமோட்டோவிலும் அநேகமாக ஒன்றுதான். முன்னால் 90/65-6.5, பின்னால் 110/50-6.5. பின் டயர் 110 மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவரின் உயரம் அதில் பாதி, ஆறரை அங்குல ரிம். கணக்குப் போட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் 28 சென்டிமீட்டரைத் தொடாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் இந்தச் சக்கரம் ஒரு நொடிக்கு 19 முறை சுற்றுகிறது. பெரிய பைக்கின் சக்கரம் அதே வேகத்தில் ஒன்பது முறை சுற்றினாலே அதிகம். அந்தக் குட்டி ரப்பருக்கு எவ்வளவு வேலை என்று பாருங்கள்.

பழைய டயர் தேய்ந்துபோனதும் இணையத்தில் தேடினேன். ஒரு விற்பனையாளர் ‘மினிமோட்டோ ரேஸிங் டயர், பிரீமியம் சாஃப்ட் காம்பவுண்ட்’ என்று போட்டிருந்தார். காம்பவுண்ட் என்றால் ரப்பர் கலவை. அளவு அச்சு அசலாகப் பொருந்தியது. படத்தில் கறுகறுவென்று நன்றாகவே இருந்தது. போன் செய்து கேட்டேன்.

“சார், ரேஸ் ஓட்டுற பசங்க எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க. கண்ணை மூடிட்டு எடுங்க.”

அப்படியே செய்தேன்.

மாட்டுவதற்குள் கை கொப்புளித்துவிட்டது. பக்கச்சுவர் அவ்வளவு விறைப்பு. ‘பரவாயில்லை, நல்ல உறுதியான டயர்’ என்று சந்தோஷப்பட்டேன். அந்த விறைப்பே முதல் எச்சரிக்கை என்று இப்போது தெரிகிறது.

முதல் நாள் மகள் நாலாவது சுற்றிலேயே விழுந்தாள். புது டயர், மேலே வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், தேய்ந்தால் சரியாகிவிடும் என்றேன். அது உண்மையும்கூட. புது டயரில் முதல் சில சுற்றுகளை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். ஆனால் அடுத்த வாரமும் அதே இடத்தில் விழுந்தாள். காற்றழுத்தம் அதிகம் போல என்று 22 பிஎஸ்ஐயிலிருந்து 20க்கு இறக்கினேன், அப்புறம் 18. டயர் பத்து டிகிரி சூடானால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ ஏறும். ஓட்டிவிட்டு வந்ததும் கேஜ் வைத்துப் பார்த்தால் முள் அசையவே இல்லை. டயர் சூடாகவே இல்லை என்று அந்த முள் சொன்னது. ரேஸில் டயர் சூடானால்தான் தரையை நன்றாகப் பிடிக்கும். நான் கேஜ் பழுது என்று முடிவு செய்து புது கேஜ் வாங்கினேன்.

“அப்பா, நேரா போறப்போ நல்லா இருக்கு. கொஞ்சம் சாய்ச்சாலும் நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் சாய்ச்சா ஒரு இடத்துல படக்குனு கவுந்துடுது.”

“நீ பயப்படுற. பயந்து பிரேக்கைப் பிடிக்கிற. அதான் விழுற” என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை டயரின் குறுக்குவெட்டை அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் காது இல்லை.

மூன்றாவது முறை விழுந்தபோது பக்கத்து பிட்டிலிருந்து, அதாவது வண்டியை நிறுத்திச் சரிபார்க்கும் இடத்திலிருந்து, ஒரு பெரியவர் எழுந்து வந்தார். பேரனுக்காக வருகிறவர், எப்போதும் கையில் கறுப்புக் கறை. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக அவளிடம் போய், “எங்கம்மா போகுது? கையை வச்சுக் காட்டு” என்றார். அவள் உள்ளங்கையை மெல்லச் சாய்த்து, ஒரு கோணத்தில் சட்டென்று கவிழ்த்துக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு வண்டிக்கு முன்னால் குந்தினார்.

டயரின் நடுப்பகுதி தேய்ந்து மங்கலாக இருந்தது. இரண்டு ஓரத்திலும் கத்தியால் கிழித்ததுபோல ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ரப்பர் புதுசு. புது டயரில் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்குமே, அதுகூட உதிரவில்லை. பிரேக் பேட் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, தன் பேரனின் டயர் மேல் வைத்துப் பென்சிலால் வளைவை வரைந்து வெட்டினார். அந்த அட்டையை எங்கள் டயர் மேல் கவிழ்த்தார். நடுவில் இடைவெளி, இரண்டு தோளிலும் இடித்துக்கொண்டு நின்றது. ரேஸ் டயர் பாதி முட்டை மாதிரி உருண்டையாக இறங்கும். எங்களுடையது பலகை மாதிரி தட்டையாகப் போய் ஓரத்தில் மடிந்தது. அந்த மடிப்பு வரை பிடி இருக்கும். மடிப்பைத் தாண்டியதும் தரையில் பதிய ரப்பர் கிடையாது. அவள் ‘படக்குனு’ என்று சொன்னது அந்த இடம்.

“தம்பி, இது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் டயர்” என்றார். நின்றுகொண்டு ஓட்டுகிறார்களே, அந்தப் பெரிய ரக ஸ்கூட்டர். அதற்கும் இதே 90/65-6.5தான். நேராகப் போகவும், பல மாதம் தேயாமல் உழைக்கவும் செய்த டயர் அது. ஆளின் எடையும் பேட்டரியின் எடையும் தாங்க வேண்டும் என்பதால் பக்கச்சுவர் கனமாக இருக்கும். அந்த வேலைக்கு அருமையான டயர்தான். எங்கள் வேலைக்கு ஆகாது.

அவரிடம் டியூரோமீட்டர் இருந்தது. ஊசியை ரப்பரில் அழுத்தினால் கடினத்தைக் காட்டும் கைக்கு அடக்கமான கருவி. ஷோர் ஏ என்ற அளவுகோல், 0 முதல் 100 வரை. எண் ஏற ஏற ரப்பர் கடினம். இரண்டு வண்டியையும் ஒரே நிழலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத்தான் அளந்தார், ஏனென்றால் வெயிலில் சூடான ரப்பர் மென்மையாகக் காட்டும். பேரனின் டயர் 54. ‘பிரீமியம் சாஃப்ட்’ 71.

விற்றவருக்கு போன் போட்டேன். முதலில் “பிரஷரைக் குறைங்க சார்” என்றார். குறைத்தாயிற்று என்றேன். “பாப்பா வெயிட் கம்மி, அதான் டயர் சூடாகல” என்றார். இதில்தான் சாமர்த்தியம். எடை குறைந்த குழந்தை கடின ரப்பரைச் சூடாக்க முடியாது என்பது உண்மை. அதனால்தான் சாஃப்ட் கேட்டு வாங்கினேன், நீங்கள் அனுப்பியது சாஃப்ட் இல்லையே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “மாட்டின டயரை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார். உங்களுக்காக ஒண்ணு பண்றேன், ஒரிஜினல் ரேஸ் ஸ்லிக் ஒரு செட் இருக்கு, வித்தியாசத்தை மட்டும் போட்டுவிடுங்க” என்றார்.

இந்த இடத்தில் நான் போனை வைத்திருக்க வேண்டும். வித்தியாசத்தைப் போட்டுவிட்டேன்.

இரண்டாவது செட் வந்தது. இம்முறை வடிவம் சரி, பள்ளக்கோடுகளே இல்லாத உண்மையான ஸ்லிக். நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்து மெல்ல மறைந்தது. நானும் இதற்குள் ஒரு டியூரோமீட்டர் வாங்கியிருந்தேன். 50 காட்டியது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் பெட்டியைத் திறந்ததும் பெயிண்ட் தின்னர் மாதிரி ஒரு நெடி. புது டயருக்கென்று ஒரு வாசனை உண்டு. இது அது இல்லை. துணியால் துடைத்தால் துணியில் எண்ணெய்ப் பசை ஒட்டியது.

பெரியவர் சொன்னது ஞாபகம் வந்து பக்கச்சுவரில் தேதியைத் தேடினேன். நான்கு எண் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கம் மட்டும் அச்சடிப்பதும் உண்டு என்பதால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் எதுவும் இல்லை. மறுபக்கத்தில், எண் இருக்க வேண்டிய நீள்வட்டத்துக்குள் விரலை ஓட்டினால் மழமழவென்று ஒரு பள்ளம். சுற்றிலும் எழுத்துகள் மேடாக இருக்க, அந்த இடம் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல இருந்தது. முன் டயர், பின் டயர் இரண்டிலும் அப்படியே.

மாட்டாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன். அந்த ஒரு வாரப் பொறுமைதான் இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம். அறைக்குள் அதே இடத்தில் வைத்துத் தினமும் அளந்தேன். 50, 53, 57. எட்டாவது நாள் 63. மேற்பரப்பை இரண்டு கையாலும் பிடித்து மடக்கினால் மெல்லிய வெடிப்புகள் வாயைத் திறந்தன. காய்ந்துபோன பழைய டயரில் கரைப்பான் தடவி ஊறவைத்து மென்மையாக்கியிருக்கிறார்கள். கார்ட் ரேஸிலும் இந்தத் தில்லுமுல்லு உண்டு, பல போட்டிகளில் தடை செய்திருக்கிறார்கள். கரைப்பான் ஆவியாகப் போகப் போக ரப்பர் மறுபடி இறுகிவிடும். அன்றே மாட்டி ஓட்டியிருந்தால் முதல் நாள் பிடி நன்றாகவே இருந்திருக்கும். அவளும் அதை நம்பி நன்றாகச் சாய்த்திருப்பாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

கடைசியில் மினிமோட்டோ டயரை மட்டுமே விற்கும் வேறொருவரிடம் வாங்கினேன். இத்தாலியின் பிஎம்டி மாதிரி இந்த ஆறரை அங்குலத்துக்கென்றே ஸ்லிக் செய்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. ‘சாஃப்ட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் எந்தக் காம்பவுண்ட் என்று தனியாகக் கேட்டு வாங்கலாம். அவரிடம் மூன்று படம் கேட்டேன்: தேதி தெரியும்படி ஒன்று, டயரை நிமிர்த்தி நேர் முன்னாலிருந்து ஒன்று, தோள்ப்பகுதி கிட்டத்தில் ஒன்று. சலிக்காமல் அனுப்பினார். முதல் ஆள் என்னிடம் கேட்காத ஒன்றையும் கேட்டார்: “ஓட்டுறவங்க எடை எவ்வளவு?”

படத்தை வைத்துப் பார்க்கும்போது ஒரு சங்கடம் உண்டு. கட்டி அனுப்பும் டயரில் இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று நெருங்கி நசுங்கியிருக்கும், அதனால் ரிம்மில் ஏறிய பிறகு வரும் வளைவு அப்படியே தெரியாது. அதைவிட, தரையில் படும் ரப்பர் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பாருங்கள். ஸ்லிக்கில் அது நன்றாகச் சுற்றிக் கீழே வரும். ஸ்கூட்டர் டயரில் தோளோடு வெட்டினாற்போல நின்றுவிடும்.

பத்து, பன்னிரண்டு அங்குலச் சக்கரம் உள்ள மினி ஜிபி வண்டிக்காரர்களும் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். 3.50-10, 100/90-12 எல்லாம் சாதாரண ஸ்கூட்டர்களிலும் இருக்கிற அளவுகள்தான், ஆகவே இதே மாற்றுவேலை அங்கேயும் சுலபம். அதில் டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும் குறியீட்டையும் பாருங்கள்: ஜே என்றால் 100 கிலோமீட்டர், எல் என்றால் 120. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம் 2021இல் தொடங்கிய மினிஜிபி தொடரில் எல்லாருக்கும் ஓவாலே வண்டி, எல்லாருக்கும் பிரெல்லி டயர் என்று விதியே போட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

புது டயரில் முதல் நாள் அவள் அந்த வளைவுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தாள். அடுத்த சுற்றிலும் குறைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆறாவது சுற்றில்தான் முழங்கால் வெளியே வந்தது. ஓட்டிவிட்டு வந்ததும் கேஜ் வைத்தேன், இரண்டு பிஎஸ்ஐ ஏறியிருந்தது. பழைய கேஜில்தான் பார்த்தேன். அதற்கு ஒரு பழுதும் இல்லை.

பணத்தைப் பற்றிக் கேட்பீர்கள். தேய்த்த தேதிப் பள்ளத்தின் படம், எட்டு நாள் அளவுகள் எல்லாவற்றையும் எந்த நிறுவனம் வழியாகப் பணம் கட்டினேனோ அதற்கு அனுப்பி முறையிட்டேன். இரண்டாவது செட்டுக்குக் கட்டியது வந்துவிட்டது. மாட்டாமல் வைத்திருந்ததால் வந்தது. முதல் செட் மாட்டியது, அது போனது போனதுதான். அந்த இரண்டு டயரையும் மகள் சுவரோரம் சாய்த்துவைத்து, சாக்பீஸால் எழுதியிருக்கிறாள்: ‘அப்பா பயப்படாம வாங்கினது’. அழிக்க விட மாட்டேன் என்கிறாள்.